டப்பா அண்ணனுக்குப் பிடித்த படம்

ஒரு படம் தேறுமா தேறாதா என்று தெரிந்துகொள்ள உலகத்தில் எத்தனையோ வழி இருக்கலாம். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் கேன்டீனில் ஒரே வழிதான் இருந்தது. டப்பா அண்ணனைக் கேட்பார்கள். அவர் "நல்லா இருக்கு" என்றால் அந்தத் தியேட்டர் இருக்கும் திசையில் யாரும் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். "எனக்கு அவ்வளவா ஒட்டல" என்று அவர் இழுத்தால் அன்றைக்கே குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். இந்த அளவுகோல் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை என்று மனுஷனை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காமல் என்ன செய்வது? எழுந்து போனால் அதற்கும் சிரிப்பார்கள்.

ஓடாத படத்துக்கு டப்பா என்று பேர். அதையெல்லாம் தேடிப் போய் ரசிக்கிறவர் டப்பா அண்ணன். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

இந்த இடத்தில் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மோசமான படமெல்லாம் அவருக்குப் பிடிக்கும் என்று ஊர் நினைத்தது தப்பு. சோம்பேறித்தனமாக எடுத்த படத்தை அவரால் அரை மணி நேரம்கூடச் சகிக்க முடியாது. அவருக்குப் பிடித்தது வேறு சாதி. கடலைப் பற்றி ஒரு படம்; கடலுக்குப் போக வக்கில்லாமல் ஒரு மைதானம் முழுக்க நீலத் துணியை விரித்து, ஓரத்தில் ஆட்கள் உட்கார்ந்து உலுக்கி அலை எழுப்பியிருந்தார்கள். உலுக்கிய கை ஒன்றில் கைக்கடிகாரம் தெரிந்தது. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தபோது, அந்தத் துணி அலையில் தனியாகப் போகும் படகைப் பார்த்து இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஒரே நடிகர் நீதிபதி, குற்றவாளி, சாட்சி மூன்றுமாக நடித்து, பாதிப் படத்துக்கு மேல் தான் யார் என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. மற்றொன்றில் ஒருவன் படம் முழுக்கக் கிணறு தோண்டினான். கடைசியில் தண்ணீர் வரவில்லை, இன்னொரு ஊரின் வானம் வந்தது. அந்த வானத்தில் அட்டை நட்சத்திரம் ஒன்று பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டால் ஊர் சிரிக்கும். இவர் மட்டும் அவன் எவ்வளவு உயரம் ஏறினான் என்று அண்ணாந்து பார்ப்பார். விழுந்ததையும் பார்த்தார், கண் அவிந்தவர் இல்லை. ஆனால் பத்திரமாகத் தரையில் நின்று தேன் விற்கிற படங்களைவிட, ஏறி விழுந்த அந்த ஆள்மேல்தான் அவருக்குப் பாசம் வந்தது. அது ஏன் என்று அவருக்கே தெரியாது. தெரியாததால் வாதாடவும் முடியவில்லை.

இதில் கூத்து என்னவென்றால் அவர் வேலையே குறை கண்டுபிடிப்பது. உலையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு வெளிச்சப் பலகைக்கு முன்னால் நகர்ந்து போகும். அவர் எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். உள்ளே குமிழி, சின்னக் கல், வாயோரம் மயிரிழை விரிசல், எது தெரிந்தாலும் எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போடுவார். அது உடைந்து மறுபடி உலைக்குப் போகும். கண் சீக்கிரம் அலுத்துவிடும் என்பதால் கொஞ்ச நேரம் பார்த்தால் கொஞ்ச நேரம் ஓய்வு, பிறகு மறுபடி பலகை. ஓய்வு நேரத்தில் படிக்கக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது என்பது விதி. கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய ஒரே காரியம் பேச்சு. பேச்சென்றால் சினிமா. அவருடைய அவமானத்துக்குத் தொழிற்சாலையே நேரம் ஒதுக்கிக் கொடுத்திருந்தது.

பேர் வந்த கதை அந்தக் கிணற்றுப் படத்தில் தொடங்கியது. அப்போது ஆள் புதிது, உற்சாகம் அதிகம். ஓய்வில் அவர் அந்தப் படத்தை வர்ணித்த வர்ணனையில் மயங்கி மொத்த ஷிப்டும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்துவிட்டது. இடைவேளை விளக்கு எரிந்தபோது பாதி நாற்காலி காலி. மீதிப் பாதி அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷிப்ட் இன்சார்ஜ் மட்டும் பக்கத்தில் வந்து, "ஏம்பா, பாட்டில்ல இதே கண்ணை வச்சுத்தானே பார்க்கிற?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். நட்சத்திரம் தொங்கிய காட்சியை அன்றைக்கு அவர் தலை குனிந்தபடியே காதால் கேட்டார்.

அதற்குப் பிறகு, கேன்டீனில் துருவிக் கேட்டால் ஒழிய, மறைக்கக் கற்றுக்கொண்டார். பகல் காட்சிக்குத் தனியாகப் போவார். யாராவது பார்த்துவிட்டால் வெயிலுக்கு ஒதுங்கியதாகச் சொல்வார். வீட்டில் கண் பரிசோதனை என்பார். ஒரு நாள் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி பையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, அழத் தயாராக வந்து நின்றாள்.

"யார்கூடப் போனீங்க?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"என்ன படம்?"

சொன்னார். அந்தப் படத்தைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருந்தாள். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வேற விஷயமா இருந்தாக்கூட உங்க அக்காகிட்டச் சொல்லி ஒரு பாட்டம் அழுதிருப்பேன். இதைப் போய் யார்கிட்டங்க சொல்றது?"

அவர்களுக்கு ஒரே மகள். சின்னவளாக இருந்தபோது அவள்தான் அவருக்குத் துணை. முக்கால்வாசிப் படத்தில் அவர் மடியில் தூங்கிவிடுவாள். பஸ்ஸில் திரும்பும்போது விழித்துக்கொண்டு கேள்வி கேட்பாள்.

"ஏம்பா துணி ஆடுச்சு?"

"கடலுக்குப் போக முடியல போல. அதான்."

"அப்ப நீங்க ஏம்பா அழுதீங்க?"

ஜன்னல் பக்கம் கையைக் காட்டி எதையாவது பேசிச் சமாளிப்பார். பள்ளியில் மேல் வகுப்புக்குப் போனதும் அவளும் கட்சி மாறிவிட்டாள். "அப்பா பாஸ் போட்டா படம் ஃபெயில்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிவைத்தாள். மனைவியின் தம்பி, அதாவது அவருடைய மச்சான், அதைச் சொந்தக்காரர் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நல்லது கெட்டது எதற்குக் கூடினாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, இவரும் சிரிப்பார். மகள் சொன்னது என்பதால் இந்தச் சிரிப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சிரமப்பட வேண்டியிருந்தது.

அப்படிப்பட்டவள் சினிமாவில் வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது வீடு இரண்டுபட்டது. அவர் வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். சர்க்கரை மாதிரி இந்த ரசனையும் ரத்தத்தில் இறங்கிவிட்டிருந்தால் பிள்ளை என்ன பாடுபடுமோ என்ற பயம். பல வருஷம் யார் யாரிடமோ உதவி இயக்குநராக அலைந்து, திட்டு வாங்கி, கடைசியில் அவளை நம்பி ஒரு தயாரிப்பாளர் வந்தார். என்ன கதை என்று கேட்டால், "ஒரு வீட்டைப் பத்தின கதைப்பா. வந்து பாருங்க" என்பாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள்.

முதல் காட்சி குடும்பத்துக்கும், படத்தில் வேலை செய்தவர்களுக்கும், படத்தை வாங்கி ஊர் ஊராக வெளியிடப்போகிற பெரிய மனுஷர்களுக்கும் என்று ஏற்பாடு. அன்று மச்சான் காலையிலேயே வந்துவிட்டார். "மாமாவை வீட்டுலயே பூட்டிவச்சுட்டுப் போகலாம்க்கா. தப்பித் தவறி அவருக்குப் பிடிச்சுட்டா மொத்தக் கப்பலும் முழுகிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் வழக்கம்போல. ஆனால் அவர் அறைக்குள் சட்டை மாற்றும்போது மனைவி கதவைச் சாத்திவிட்டு அருகில் வந்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"படம் பிடிச்சிருந்தாலும் பிடிச்சிருக்குன்னு வாய்விட்டுச் சொல்லிடாதீங்க. இந்த ஒரு தடவை மட்டும். பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கா."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது, ஏனென்றால் அவளைவிட அதிகமாக அவரே அதை நம்பினார். "சரி" என்று பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

தியேட்டரில் உட்கார்ந்ததும் கையைக் கோத்துக்கொண்டு மனதுக்குள் வேண்டிக்கொண்டார். கடவுளே, இந்தப் படம் எனக்குப் பிடிக்காமல் போகட்டும். ஒரு தகப்பன் இப்படி வேண்டிக்கொண்டு உலகத்தில் யாராவது கேட்டிருப்பார்களா? அவர் வேண்டிக்கொண்டார். உள்ளம் உருகி வேண்டிக்கொண்டார்.

படம் தொடங்கியது. ஒரு வீடு பேசுகிறது. இடிக்கப்போகிற பழைய வீடு, தன்னில் வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்கிறது. வீட்டுக்குக் கண் கூரையில்தானே இருக்கும்? அதனால் படத்தில் ஒருத்தர் முகமும் நேராகத் தெரியவில்லை. உச்சந்தலை, தோள், சாப்பிடுகிற கை, தூங்குகிற முதுகு. பின்வரிசையில் யாரோ, "டேய், வழுக்கைக்குத் தனியா சம்பளம் கொடுத்திருப்பாங்களோ" என்றான். சிரிப்பு எழுந்தது. இவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பினால் இல்லை. அந்தக் குடும்பத்து அம்மா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மகன் மிச்சம் வைத்த தட்டில் சாப்பிடுகிறாள். வீடு மட்டும் மேலிருந்து பார்க்கிறது. ஐயோ, பிடிக்கிறதே என்று பயந்துபோனார்.

அப்புறம் எல்லோரும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் ஆளில்லை. திரையில் ஒரு சுவர். சுவரில் வெளிச்சம் ஏறுகிறது, இறங்குகிறது. அவ்வளவுதான். பெரிய மனுஷர்கள் வரிசையில் ஒருவர் போனை எடுத்தார், ஒருவர் வெளியே போனார். நாள் முழுக்க வெளிச்சத்தைப் பார்த்தே பிழைக்கிற நம் ஆள் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இழுவைதான். மகள் கத்தரிக்கோலை எடுத்துப் பாதியை வெட்டியிருக்கலாம். ஆனால் வெட்டாமல் விட்டதில் ஒரு பிடிவாதம் இருந்தது, அதுதான் அவரைக் கொன்றது.

கடைசியில் அந்த வீடு எழுந்து நடந்தது. தன்னை விட்டுப் போனவர்களைத் தேடி, அஸ்திவாரத்தைப் பிய்த்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தது. கம்ப்யூட்டரில் செய்த காட்சி. நல்லபடியாகச் செய்ய வசதி போதவில்லை. வீட்டுக்கு முளைத்த கால்கள் சாப்பாட்டு மேசைக் கால்கள் மாதிரி இருந்தன. நடை தள்ளாடியது. ஜன்னல்கள் அந்தரத்தில் மிதந்தன. தியேட்டர் அதிர்ந்தது, அப்படி ஒரு சிரிப்பு. மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இவருக்கோ திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாய்விட்டு அழவும் முடியாமல், அடக்கவும் முடியாமல், கைக்குட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீடு ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று குனிந்து பார்த்தது. அவ்வளவு பெரிய வீடு, அவ்வளவு வெட்கத்தோடு குனிந்தது.

வெளியே கூடத்தில் மகள் நின்றிருந்தாள். சுற்றிலும் தயாரிப்பாளர், விநியோகஸ்தர்கள், நடிகர்கள். எல்லோரும் கையைக் குலுக்கி, "வித்தியாசமான முயற்சி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு கடைசியாக வந்தார். அவள் கூட்டத்தைத் தாண்டி அவரிடம் கேட்டாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

எல்லோரும் திரும்பினார்கள். மச்சான் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தார். மனைவி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சுமார்தாம்மா" என்றார். வாய் அதோடு நிற்கவில்லை. "நடுவுல ரொம்ப இழுவை. அந்த வீடு நடக்கறது... சிரிப்பா இருந்துச்சு."

"அடி சக்கை!" என்று மச்சான் கை தட்டினார். "மாமாவுக்கே பிடிக்கல! படம் ஓஹோன்னு ஓடப்போவுது!" விளக்கம் கேட்ட பெரிய மனுஷர்களுக்கும் மச்சானே அந்த ராசிக் கதையைச் சொன்னார். கூடமே சிரித்தது. மகளும் சிரித்தாள். மனைவி மூச்சு விட்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், பிள்ளைக்கு ஒரு உதவி செய்துவிட்டோம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

அவரை நாலு வார்த்தை கேட்காமல் இந்த இடத்தைத் தாண்ட மனசு வரவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பெற்ற அப்பன் மகள் படத்தை ஆகா ஓகோ என்றால் உலகத்தில் யார் தப்பு சொல்லப்போகிறார்கள்? பொய்யாகப் பாராட்டியிருந்தாலே ஊர் மன்னித்திருக்கும். இந்த மனுஷர் உண்மையான பாராட்டை மடியில் கட்டிக்கொண்டு, பொய்யான குறையைச் சொல்லிவிட்டு வந்தார்.

படம் படுத்துவிட்டது. வெளியான இரண்டாம் நாளே காட்சிகளைக் குறைத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் வீடு நடக்கும் காட்சியை வெட்டி அதற்குக் குத்துப்பாட்டு போட்டுவிட்டான். அது போன் போனாகப் பரவியது. கேன்டீனுக்குள் அவர் நுழையும்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் சட்டென்று நிற்கும், போன்கள் கவிழும். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பார், அதற்குத் தோல் தடித்திருந்தது. இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. உலையில் வேலை செய்கிறவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விடுங்கண்ணே. உங்களுக்கே பிடிக்கலையாமே? அப்புறம் நாங்க சிரிச்சா என்ன தப்பு?" என்றார், ஆறுதலாகத்தான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா, கொஞ்சம் இழுவைதான்" என்றார் டப்பா அண்ணன்.

சொல்லிவிட்டுப் பலகைக்குப் போனார். அன்றைக்கு அவர் பார்த்த பாட்டில் எதுவும் அவர் கண்ணில் பதியவில்லை. விரிசல் விழுந்தது ஒன்று அவரைத் தாண்டிப் போய், அடுத்த ஆள் எடுத்துப் போட வேண்டியதாயிற்று. அன்று மதியம் ஷிப்ட் முடிந்ததும் நேராக அந்தப் படத்துக்குப் போனார். மறுநாளும் போனார். பத்துப் பேர், எட்டுப் பேர் என்று கூட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. மூலை நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிக்கும் இடத்தில் அழுதுவிட்டு, விளக்கு எரியும் முன்னால் எழுந்து வந்துவிடுவார்.

மகள் சினிமா வேலைக்காகத் தனியாக எடுத்திருந்த அறையைக் காலி செய்துவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தாள். பெரிதாக அழவில்லை. ஒரு கம்பெனியில் வேலை கேட்டு வாங்கியிருந்தாள். மிக்ஸியை எப்படிக் கழுவுவது, இஸ்திரிப்பெட்டியை எப்படிப் பிடிப்பது என்று காட்டும் வீடியோ எடுக்கும் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். "இனிமே சினிமா வேண்டாம்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னது இவர் காதில் விழுந்தது. அடுத்த கதையை அவள் பாதி எழுதி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டாளாம்.

மறுநாள் காலை சமையலறையில் அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்றார்.

"ஒரு படம் ஓடலன்னா என்னம்மா? எத்தனை பேருக்கு ஓடல."

"ஓடாததுக்கு இல்லப்பா." அவள் திரும்பவில்லை. "ஊரே திட்டும்னு எனக்குத் தெரியும். வீட்டை நடக்கவிட்டா சிரிப்பாங்கன்னு கேமராமேன் தலையால அடிச்சுக்கிட்டார். நான் கேக்கல. ஏன் தெரியுமா? ஒருத்தருக்காவது பிடிக்கும்னு நிச்சயமா நினைச்சேன். கடல்னு சொல்லித் துணியைக் காட்டினா அழற மனுஷன் எங்க வீட்டுல இருக்கார்னு நினைச்சேன்." குழாயை மூடினாள். "உலகத்துல இருக்கிற ஓட்டைப் படத்துக்கெல்லாம் அழுதிருக்கீங்க. உங்களுக்கே பிடிக்கலன்னா அது என்ன படம்ப்பா? அதுல ஒண்ணுமே இல்லன்னுதானே அர்த்தம்?"

அவர் சமையலறைக்குள் வந்தார். "பொய் சொன்னேம்மா. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. எனக்குப் பிடிச்சா ஓடாதுன்னு... என் ராசி தெரியுமே... அதுக்காகத்தான்..."

அவள் இப்போது திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. இரக்கமாகப் பார்த்தாள். "ஆறுதலுக்குச் சொல்றீங்க. விடுங்கப்பா."

வாழ்நாள் பூராவும் கண்ட படத்தையும் நல்ல படம் என்று சொன்னவர். இப்போது சத்தியமாக நல்ல படம் என்கிறார், நம்ப ஆளில்லை. இழுவையான சுவர்க் காட்சியைப் பற்றிச் சொன்னார், மிச்சத் தட்டில் சாப்பிட்ட அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், அடம் பிடிக்கிற குழந்தையிடம் கேட்கிற மாதிரி. கடைசியில் அவர், "இன்னிக்கோட படத்தைத் தூக்கறாங்களாம். என்கூட ஒரு தடவை வாம்மா" என்றார். அவள் மறுத்தாள். அவர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. இவர் விட மாட்டார் என்று தெரிந்ததும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தியேட்டரில் அவர்களைத் தவிர ஒரு காதல் ஜோடி, தூங்க வந்த ஒரு கிழவர், சிரிக்கவென்றே வந்த நாலு பையன்கள். அவள் திரையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தப்பும் மனப்பாடமாகத் தெரிந்தவள் எதைப் பார்ப்பாள்? கையைக் கட்டிக்கொண்டு முன்நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் வெளிச்சம் ஏறி இறங்கியது. பையன்கள் கொட்டாவி விட்டார்கள். அப்புறம் இடிக்கிற வண்டி வந்து நின்றது, ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள், தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. ஒன்றுமே நடக்காத ஒரு சாதாரண இடம். பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். அப்பா கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. வீடு இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அது எழுந்து நடக்கப்போகிறது என்று தெரிந்து, அதற்கு முன்னாலேயே அழுதுகொண்டிருந்தார்.

வீடு எழுந்தது. பையன்கள் விசிலடித்தார்கள். குத்துப்பாட்டை ஒருவன் வாயாலேயே போட்டான். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. வீடு ஒவ்வொரு வாசலாகக் குனிந்தபோது இவர் தலையும் கொஞ்சம் குனிந்தது. அவள் கடைசி வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு எரிந்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தனை தடவை பார்த்தீங்க?"

"வந்துக்கிட்டேதான் இருக்கேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்தக் கால் ரொம்ப மோசம்ப்பா."

"ரொம்ப மோசம்" என்று அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "பார்க்கச் சகிக்கல. இருந்தாலும் நடந்துச்சு இல்ல?"

அவள் சிரிக்கவில்லை. நம்பிவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது. மெதுவாகக் கேட்டாள். "அப்ப அன்னிக்கு நிஜமா ராசிக்காகத்தான் அப்படிச் சொன்னீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும். நல்ல அப்பா, அசட்டு அப்பா என்ற பேரோடு வீட்டுக்குப் போகலாம். அந்த ஆமாம் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா. ராசின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பெரிய பெரிய ஆளுங்க நிக்கறாங்க. உன் மாமா சிரிக்கறதுக்கு ரெடியா நிக்கறார். நல்லா இருக்குன்னு சொல்லி, இன்னொரு தடவை எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறதை... என்னால முடியல. வெட்கமா இருந்துச்சு. அதைக் கொண்டுபோய் உன் தலையில போட்டுட்டேன்."

கூட்டுகிறவர் விளக்குமாறோடு உள்ளே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு முதல் வரிசையிலிருந்து தொடங்கினார்.

"நீங்க சுமார்னு சொன்னதும் நான் சிரிச்சேனே, ஞாபகம் இருக்காப்பா?" என்றாள். "அது பொய்ச் சிரிப்பு இல்ல. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நீங்க கதவைத் திறந்துக்கிட்டு வர்றப்போ எனக்கு உதறல். அவங்க முன்னாடி இவர் நல்லா இருக்குன்னு சொல்லிடக் கூடாது, மானம் போயிடும்னு. அன்னிக்கு ராத்திரி படுத்தப்புறம்தான் நான் எதுக்குச் சந்தோஷப்பட்டேன்னே புரிஞ்சுது." குரல் உடைந்தது. "உங்களை நினைச்சு எடுத்த படம்ப்பா. அது உங்களுக்குப் பிடிச்சிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வெளிய நின்னேன்."

"நானும் அதைத்தாம்மா வேண்டிக்கிட்டு உள்ள உட்கார்ந்திருந்தேன்" என்றார் அவர்.